ஊறுகாய் டப்பாவில் ரோமாபுரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் திருடன். பேங்க்கை உடைத்தவன் என்றால் கொஞ்சம் மரியாதையாவது இருக்கும். நான் திருடியது கட்டைவிரல் அகலத்தில் ஒரு நீலக் கண்ணாடித் துண்டு. ஒளித்து வைத்த இடம், காலியான எலுமிச்சை ஊறுகாய் டப்பா. ரோமாபுரியிலிருந்து கப்பலேறி வந்து, இரண்டாயிரம் வருஷம் மணலுக்குள் மானத்தோடு கிடந்த பொருள் அது. கடைசியில் என் கையில் மாட்டி, பெருங்காய வாசம் பிடித்துப் போயிற்று.

எடுத்த நிமிஷத்தில் எனக்கு அது திருட்டாகவே தெரியவில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் என் வீட்டைப் பார்க்க வேண்டும். துபாய்ப் பக்கம் அஜ்மானில் ஒரு பெட்ரூம் ஃபிளாட். ஹாலில் கிடக்கும் சோபா, டிவி வைத்திருக்கும் ஸ்டாண்டு, சாப்பாட்டு மேஜை, எல்லாமே பலதியா குப்பைத்தொட்டி ஓரத்தில் கிடைத்தவை. பலதியா என்றால் இங்கே நகராட்சி. விசா கேன்சலாகி ஊர் திரும்புகிறவர்கள் விமானத்தில் ஏற்ற முடியாததையெல்லாம் கீழே இறக்கித் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போவார்கள். இருக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. எங்கள் சாப்பாட்டு மேஜையின் அடிப்பக்கத்தில் ஏதோ ஒரு குழந்தை கிரேயானில் பூனை வரைந்து வைத்திருக்கிறது. அந்தப் பூனை எந்த நாட்டுப் பூனை என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பதினான்கு வருஷமாக இப்படி வாழ்ந்தவனின் கண் தரையில்தான் மேயும். போகிறவன் விட்டது இருக்கிறவனுக்கு. ரோமாபுரிக்காரனும் ஒருநாள் கேன்சலாகிப் போனவன்தானே?

படிக்கச் சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் இப்போது இவ்வளவு கோபமாக இருக்கிறேன். யார்மேல் என்றால், ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். பட்டியலில் என் பெயர் முதலில்.

2

என் மகள் சௌமியா எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்தனுப்பியிருந்தார்கள். உம்முல் குவைனைத் தாண்டி, காயல் ஓரமாக மணல்மேட்டில் ஒரு பழைய ஊர் புதைந்து கிடக்கிறதாம். ரோமாபுரிச் சரக்கு வந்து இறங்கிய இடமாம். இயற்கை ஆர்வலர் குழு ஒன்று வெள்ளிக்கிழமை காலையில் வழிகாட்டியோடு அங்கே நடத்திக் கூட்டிப்போகும். கல்லறைகள், கோயில் அடித்தளம், கூடவே பறவைகள், நரி வளை எல்லாம் பார்க்கலாம். பிள்ளைகள் பெற்றோரில் ஒருவருடன் வரலாம்.

எனக்கு வெள்ளிக்கிழமை தூங்குவதற்கான நாள். மற்ற ஆறு நாளும் ஷார்ஜாவில் ஒரு டைல்ஸ் கடையின் ஸ்டோரில் பெட்டி எண்ணுகிறேன். ஆனால் சௌமியா என்னுடன் எங்காவது வரச் சம்மதித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சூப்பர் மார்க்கெட்டில்கூட எனக்கு ஆறடி முன்னால்தான் நடப்பாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள், அதுவும் டிவியைப் பார்த்துக்கொண்டு. அவளே வந்து "அப்பா, போலாமா?" என்று கேட்டதும் ரோமாபுரிக்கே என்றாலும் கிளம்பியிருப்பேன்.

பெயர் கொடுக்க ஒரு ஃபாரம். ஒவ்வாமை ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. என் மேனேஜர் பெயரை எழுதினேன். சௌமியா வாங்கி, வெள்ளை மை போட்டு அழித்து, 'இல்லை' என்று எழுதினாள். நீண்ட தூரம் நடந்த அனுபவம் உண்டா என்று இன்னொரு கேள்வி. கார் ரிப்பேரான அன்று ஷார்ஜா ரோலாவிலிருந்து வீட்டுக்கு நடந்ததை எழுதலாமா என்று யோசித்தேன். அவள் பேனாவைத் தரவில்லை.

கமலாவுக்கு, அதாவது என் மனைவிக்கு, கிளினிக்கில் அன்று டூட்டி. நர்ஸ். வெளியூர் போகிறோம் என்றதும் பதினைந்து பேர் சாப்பிடும் அளவுக்கு எலுமிச்சை சாதம் கிளறிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். எலுமிச்சை சாதத்துக்கு எலுமிச்சை ஊறுகாய். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

அங்கே போய்ப் பார்த்தால் வந்திருந்த முப்பது பேருக்கும் காலில் பூட்ஸ், கழுத்தில் பைனாகுலர், முதுகில் தண்ணீர்ப் பை. நான் ஆபீஸ் ஷூவும் டக்-இன் செய்த சட்டையும் நான்கு அடுக்கு டிபன் கேரியருமாக இன்டர்வியூவுக்கு வந்தவன்போல் நின்றேன். வழிகாட்டியின் பெயர் கீத். ரிட்டயரான இங்கிலீஷ்கார இன்ஜினியர், அகலத் தொப்பி, கையில் ஒரு பிரம்பு. நான் மனதுக்குள் அவருக்குத் துரைப் பட்டம் கட்டிவிட்டேன். கைகுலுக்கினார். என் மகளுக்குப் பறவைகளில் ஆர்வம் அதிகம் என்று சொல்ல நினைத்து, என் மகள் ரொம்பச் சுவாரஸ்யமானவள் என்று இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். சந்தேகமே இல்லை என்றார் கீத் துரை. சௌமியா மணலைப் பார்த்தாள்.

புறப்படுமுன் துரை ஒரு விதி சொன்னார். கீழே கிடப்பது எதுவானாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும், ஒரு ஓட்டுச் சில்லைக்கூட எடுக்கக் கூடாது என்றார். காதில் விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விழுந்தது. அப்போது ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டிக்கொண்டிருந்தேன். மணலோடு அதுவும் போயிற்று.

3

வேலிக்கு ஒரு கேட், அதன் பக்கத்தில் தகர கேபின், அதில் ஒரு வாட்ச்மேன். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி. எல்லோரையும் "ஆயியே, ஆயியே" என்று ஹிந்தியில் வரவேற்றவன் என் டிபன் கேரியரைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிட்டான். பெயர் முனியசாமி. நான் பரமக்குடி, அவன் தேவிபட்டினம் பக்கம். அப்புறம் என்ன, இரண்டே நிமிஷத்தில் நான் அண்ணன், சௌமியா பாப்பா.

நடை தொடங்கியது. துரை பிரம்பை நீட்டி நரி வளை என்றார். முப்பது பேரும் குனிந்தார்கள். முள்வால் உடும்பு வெயில் காயும் கல் என்றார். உடும்பு அங்கே இருந்தது, ஏதோ சொல்லி வைத்ததுபோல. இன்ன கல்லறை, இன்ன சுவர் என்று வரிசையாகக் காட்டினார். நன்றாகத்தான் பேசினார், குறை சொல்ல முடியாது. ஆனால் நான் கடைசியில் நடந்ததால் ஒன்றைக் கவனித்தேன். துரையின் பிரம்பு ஒரு பக்கம் திரும்புவதற்கு அரை நொடி முன்னால், கூட்டத்துக்குப் பக்கவாட்டில் நடந்த முனியசாமியின் முகவாய் அந்தப் பக்கம் திரும்பும்.

அவனிடமே கேட்டேன். இரண்டு வருஷமாக தினமும் காலையில் வேலியைச் சுற்றி ஒரு நடை நடக்கிறானாம். எந்த நரி எங்கே குட்டி போட்டது, எந்தக் காற்றுக்குப் பின் எந்த ஓடு வெளியே வந்தது எல்லாம் அவனுக்குத் தெரியும். நடைக்கு முந்தின வாரம் துரை வருவார், இவன் கூட்டிப்போய்க் காட்டுவான், துரை நோட்டில் எழுதிக்கொள்வார்.

"ஓடெல்லாம் எப்படிப்பா உனக்குத் தெரியும்?" என்றேன்.

"எங்கூர்ப் பக்கம் சர்க்காராளுக தோண்டுனப்ப கூலிக்குப் போனேன்ணே, மூணு வருசம். இதே மாதிரி ஓடு, இதே கண்ணாடி. பிரஷ்ஷால கூட்டிக் கூட்டி எடுப்போம்" என்றான். "அதே கப்பல்தான் இங்கயும் நின்னுட்டுப் போயிருக்கும்போல."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சௌமியா துரையின் கூட்டத்தை விட்டுவிட்டு முனியசாமியின் பின்னால் போனாள். இதுதான் எனக்கு அன்றைய அதிசயம். மணலில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஓடின. மணலெலி என்றான் அவன். எலித் தடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்னொரு தடம். விடியக்காலையில் நரி போயிருக்கிறது, இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறது, பின் பாய்ந்திருக்கிறது. இதோ எலித் தடம் முடிந்துபோயிற்று. சௌமியா உட்கார்ந்து பார்த்தாள். "அப்புறம் என்ன ஆச்சு அங்கிள்?" என்று தமிழில் கேட்டாள். காயல் பக்கம் பூநாரைக் கூட்டம் ஒற்றைக் காலில் நின்றது. அலையாத்திப் புதருக்குள் நண்டு ஓடியது. அவள் கேட்டுக்கொண்டே போனாள், அவன் சொல்லிக்கொண்டே போனான். அரைமணி நேரம் என் மகள் வாயிலிருந்து தமிழ் வந்ததை டிபன் கேரியரும் கையுமாக நின்று கேட்டேன். எனக்கு வந்த பொறாமையையும் சொல்லிவிடுகிறேன். அந்த அரைமணி நேரம் பதிமூன்று வருஷமாக எனக்கு வாய்க்கவில்லை.

தேநீர் நேரம். அவரவர் பிளாஸ்க்கைத் திறந்தார்கள். நான் கொஞ்சம் ஒதுங்க வேண்டியிருந்தது. ஒரு முள்புதருக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்பும்போது, புதரடியில் மூன்று நான்கு கற்கள் குவிந்திருந்தன. நடுவில் நீலமாக ஏதோ மினுங்கியது. எடுத்தேன். கிண்ணத்தின் ஓரம்போல, வெளிப்பக்கம் விலா எலும்புபோல் வரிவரியாக இருந்தது. வெயிலில் பிடித்தால் உள்ளே கடல் தெரிந்தது. சௌமியா இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனால் மொத்த வகுப்பும் வாயைப் பிளக்கும் என்று நினைத்தேன். பூநாரையைக் காட்டி ஒருவன் அவளைக் கவர்ந்துவிட்டான், நான் வெறுங்கையோடு வீடு திரும்புவதா என்றும் நினைத்தேன். பையில் போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் டிஷ்யூவில் சுற்றிக் காலி ஊறுகாய் டப்பாவில் வைத்து மூடினேன்.

4

கடைசியில்தான் துரை சொன்னார், இன்றைக்கு மகுடம்போல் ஒன்று பாக்கியிருக்கிறது என்று. போன வாரம் அடித்த காற்றில் வெளிவந்த ரோமாபுரிக் கண்ணாடி. கிடந்த இடத்திலேயே விட்டு, அடையாளத்துக்கு நாலு கல் வைத்திருக்கிறேன், வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு அந்த முள்புதரை நோக்கி நடந்தார்.

நான் இரண்டு எட்டு பின்தங்கி நடந்தேன்.

கல் இருந்தது. கண்ணாடி இல்லை. துரை மண்டியிட்டுக் கையால் மணலை அளைந்தார். எழுந்து தொப்பியைக் கழற்றினார். முகம் சிவந்திருந்தாலும் குரல் உயரவில்லை. இந்த இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருவன் நான் என்றார். அவ்வளவுதான். முப்பது தலையும் முனியசாமி நின்ற பக்கம் திரும்பின.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் என் புத்தி எப்படி வேலை செய்யும் தெரியுமா? எதையும் சிரிப்பாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். தப்பு செய்தால் முதலில் ஒரு ஜோக், எதிராளி சிரித்ததும் மன்னிப்பு. இப்படியே மேனேஜரிடமும் மனைவியிடமும் காலம் தள்ளிவிட்டேன். அன்றைக்கும், டப்பாவை எடுத்து நீட்டும்போது சொல்வதற்கு ஒரு நல்ல வரியைத் தேடினேன். ரோமாபுரி, ஊறுகாய், எலுமிச்சை என்று மனதுக்குள் கோத்துக் கோத்துப் பார்த்தேன். சரியாக அமையவில்லை. பக்கத்தில் சௌமியா நின்றாள். இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று தேடிக்கொண்டிருந்தபோது மணலைக் கிளப்பிக்கொண்டு பிக்கப் வந்துவிட்டது.

வாட்ச்மேன், ரோடு வேலை எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் கம்பெனியின் சூப்பர்வைசர் அதில் வந்தார். துரை ஃபோன் செய்திருந்தார். வந்தவர் பெயர் செல்வராஜ், தஞ்சாவூர்ப் பக்கம். நம்ம ஆள் என்று நினைத்து எனக்கு ஒரு நொடி நிம்மதிகூட வந்தது. இறங்கிய வேகத்தில் முனியசாமியின் தோளைப் பிடித்துத் திருப்பி, பேன்ட் பாக்கெட்டுகளை வெளியே இழுத்தார். ஒரு சீப்பு, ஒரு ஃபோன் கார்டு, பாதி பிஸ்கட் பாக்கெட். ஷூவைக் கழற்றச் சொன்னார். சாக்ஸையும். முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் நாகரிகமாகப் பறவையைப் பார்த்தார்கள்.

"நான் எடுக்கல சார்" என்றான் முனியசாமி. இரண்டு தடவை. முதல் தடவை செல்வராஜைப் பார்த்து, இரண்டாம் தடவை துரையைப் பார்த்து. என்னைப் பார்க்கவில்லை.

கேபினுக்குள் போய் அவன் பெட்டியைக் கவிழ்த்தார்கள். துணிகளுக்கு அடியில் ஒரு கவர். அதில் பூநாரை இறகுகள், பத்துப் பன்னிரண்டு. ஊரில் இருக்கும் பையனுக்காகச் சேர்த்ததாம். செல்வராஜ் அதைத் தூக்கிக் காட்டினார், பொறுக்குற பழக்கம் இருக்கு பாருங்க சார் என்று. துரை வருத்தத்தோடு தலையாட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி ரொம்பப் பெருந்தன்மையாக ஒன்று சொன்னார். அவனுக்குக் கெட்ட எண்ணம் இருக்காது, இந்த ஆட்களுக்கு இதன் மதிப்பு தெரியாது, அதுதான் விஷயம்.

மூன்று வருஷம் பிரஷ் பிடித்துத் தோண்டியவனுக்கு மதிப்பு தெரியாதாம். அந்தக் கண்ணாடியைக் கண்டுபிடித்து இவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியவனே அவன்தான். இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். ஆனால் அங்கே நான் என்ன செய்தேன்? டிபன் கேரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

5

காரில் சௌமியா அழுதாள். "யூ ஸ்பீக் தமிழ், அவங்களும் தமிழ். நீங்க ஏன்பா ஒண்ணுமே சொல்லல? அங்கிளுக்காக நீங்க பேசியிருக்கலாமே?" என்று கேட்டாள். பெரிய மனிதர்கள் விஷயம், நாம் வெளிநாட்டில் இருக்கிறோம், விசா, போலீஸ் என்று ஏதேதோ சொன்னேன். கார் ஏசியைக் கூட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் கழுவப் போனவள் அவள்தான். ஒரு மாசத்தில் ஒருநாள் அவளாகக் கழுவினாள் என்றால் அது அன்றைக்கு. ஊறுகாய் டப்பாவைத் திறந்திருக்கிறாள்.

கத்தவில்லை. கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, சாப்பாட்டு மேஜையில் எனக்கு முன்னால் வைத்தாள். பக்கத்தில் என் கார் சாவியையும் வைத்தாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னோடு இங்கிலீஷில்தான் பேச்சு, அதுவும் பள்ளிக்கூட இங்கிலீஷ். குட்மார்னிங், தேங்க்யூ, எக்ஸ்க்யூஸ் மீ. வாடகைக்கு வந்தவன்கிட்டகூட யாரும் அவ்வளவு மரியாதையாகப் பேச மாட்டார்கள். கமலா டூட்டி முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, உங்களுக்கு எதுதான் விளையாட்டு இல்லை என்று மட்டும் சொன்னாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பயத்தில் கழிந்தன. புராதனப் பொருளைத் திருடினால் ஜெயிலா, நாடு கடத்தலா என்று கடையில் வேலை பார்க்கும் ஆட்களிடம், ஏதோ நண்பனுக்காகக் கேட்பதுபோல் கேட்டேன். ஒருவன் ஜெயில் என்றான், ஒருவன் இரண்டும் என்றான். யாருக்கும் தெரியாமல் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று ஒரு வீரத் திட்டம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு பொய் சொல்லிவிட்டுச் சாயங்காலம் கார் ஓட்டிப் போனேன். கேட்டில் வேறு ஆள் நின்றான். நேபாளி. பழைய ஆள் எங்கே என்றால், கயா பாய், போய்விட்டான், சனிக்கிழமையே அவனைத் தூக்கிவிட்டார்கள் என்றான். எங்கே என்று தெரியவில்லை. இங்கே ஒருவனைக் கேன்சல் செய்து விமானத்தில் ஏற்ற மூன்று நாள் போதும். இரண்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது.

6

திங்கட்கிழமை லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு, ஃபாரத்தில் இருந்த நம்பரில் பேசித் துரையின் வில்லாவுக்குப் போனேன். ஜோக் எதுவும் தயார் செய்யவில்லை. மேஜைமேல் கண்ணாடியை வைத்து, நான்தான் எடுத்தேன், அவன் எடுக்கவில்லை என்றேன்.

துரை கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார். விழுந்து விழுந்து சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டு ஊறுகாய் டப்பா கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். பால் ஊற்றிய டீ வந்தது, பிஸ்கட் வந்தது. எல்லோருக்கும் நடப்பதுதான், மனம் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தீர்களே, அதுதான் பெரிய விஷயம், உங்களைப் போன்றவர்கள் எங்கள் குழுவில் சேர வேண்டும் என்று மெம்பர்ஷிப் ஃபாரம் ஒன்றையும் கையில் கொடுத்தார். நான் சொன்னதை நம்ப அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு சாட்சி கேட்கவில்லை. என் பாக்கெட்டை யாரும் வெளியே இழுக்கவில்லை.

அவர் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். இரண்டு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். பிஸ்கட் கொடுத்தார் பாவி மனுஷன்.

முனியசாமி என்றேன். ஆமாம், பாவம், கம்பெனிக்கு ஃபோன் செய்து சொல்லிவிடுகிறேன் என்றார். சொன்னாரா என்று தெரியாது. மறுநாள் நானே அந்தக் கான்ட்ராக்ட் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர், வாயால் சொன்னால் ஃபைலில் ஏறாது, அரபியில் எழுதிக் கொண்டுவா என்றார். கீழ்த்தளத்தில், அரபியில் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டர். அங்கே உட்கார்ந்திருந்த, எல்லோரும் இக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் கேரளத்துக்காரரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்தால் ஒன்று, லேபர் கார்டு தொலைந்தால் ஒன்று, விசாவுக்கு ஒன்று. நான் எடுத்தேன், வேறொருவன்மேல் பழி விழுந்தது, பழியை எடுங்கள் என்பதற்கு மட்டும் இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார் இக்கா. பொருள் தொலைந்து கிடைத்தது என்கிற படிவத்தில் என் கதையை நுழைத்து, சீல் குத்திக் கொடுத்தார்.

கவுன்டர்காரர் வாங்கினார். பஞ்ச் செய்து ஃபைலில் கோத்தார். அப்போ முனியசாமி திரும்ப வேலிக் காவலுக்கு வருவானா என்றேன். அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு, அவனை ரோடு சைட்டுக்கு மாத்தியாச்சு, வார்னிங் லெட்டரும் போயாச்சு என்றார். தப்பு செய்யாதவனுக்கு எதற்கு வார்னிங் லெட்டர் என்றேன். லெட்டர் ஒரு தடவை போனால் வாபஸ் வாங்க எங்களிடம் முறை கிடையாது என்றார். இன்னொரு லெட்டர் விழுந்தால் கேன்சலாம். கேன்சல் ஆகாமல் இருக்கிறானே, அதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போ என்பதுபோல் பார்த்தார். கத்தினேன். பதினான்கு வருஷத்தில் இந்த நாட்டில் நான் ஒரு கவுன்டரில் கத்தியது அன்றுதான். "கலாஸ் பாய்", முடிந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். உண்மை சொன்னால் தீர்ந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தீர்ந்தது, எனக்கு மட்டும்.

7

வெள்ளிக்கிழமை சோனாப்பூருக்குப் போனேன். துபாயில் கட்டட வேலைக்காரர்களை அடைத்து வைத்திருக்கும் கேம்ப்களெல்லாம் அந்தப் பக்கம்தான். அவனுடைய கம்பெனி கேம்ப்பைக் கண்டுபிடிக்க நான்கு கேட் ஏறி இறங்கினேன். சௌமியாவையும் கூப்பிட்டேன். "நோ, தேங்க்யூ" என்றாள். கிளம்பும்போது மட்டும், அங்கிளிடம் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வர வேண்டும் என்று தமிழில் சொன்னாள்.

முனியசாமி பொதுக்குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தான். ஒரே வாரத்தில் முகம் கறுத்திருந்தது. ரோட்டை உடைக்கும் மெஷின் பிடிக்கிறானாம், உள்ளங்கையில் கொப்புளம். என்னைப் பார்த்ததும், வாங்கண்ணே என்றான். கவிழ்த்துப் போட்ட பக்கெட்டை உட்காரக் காட்டினான்.

உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புதருக்குப் பின்னால் போனது, எடுத்தது, டப்பா, துரை வீடு, டைப்பிங் சென்டர், ஃபைல். சிரிப்பு வரும்படி ஒரு வார்த்தைகூட வந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து சொன்னதில் நாக்கு குழறியது. என்னால் உனக்கு அந்த வேலை போயிற்று, திரும்ப வாங்கிக் கொடுக்க என்னால் முடியவில்லை, மன்னித்துக்கொள் என்றேன்.

அவன் சட்டையைப் பிழிந்து உதறினான். கயிற்றில் போட்டான். நீங்கள் குனிந்ததையும் பார்த்தேன், பையில் போட்டதையும் பார்த்தேன் என்றான், ஏதோ நரி போன தடத்தைச் சொல்வதுபோல. அந்த நிமிஷத்திலிருந்து தெரியுமாம். பாக்கெட்டை வெளியே இழுத்தபோதும் தெரியும், சாக்ஸைக் கழற்றியபோதும் தெரியும்.

பிறகு எங்கிருந்தோ கோபம்தான் வந்தது, அவன்மேலேயே வந்தது, வெட்கமில்லாமல்.

"தெரிஞ்சுமா பேசாம நின்னே? கை நீட்டிக் காட்டியிருக்கலாமே முனியசாமி, இந்தாளுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவன் அடுத்த துணியைத் தண்ணீரிலிருந்து எடுத்தான்.

"நாஞ் சொன்னா எவன்ணே நம்புவான்?"